அக்காவின் பெயரில்

ஆறாம் வகுப்பை முடித்த கையோடு நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கும் மேல் ஒரு நாள்கூடத் தவறாமல் வகுப்பில் உட்கார்ந்தேன். டீச்சர் இரண்டு முறை பாராட்டினார். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இதெல்லாம் இருக்காது. அங்கே இருப்பது அக்காவின் பெயர்.

கொரோனா வந்த வருடம் அது. எனக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பதினைந்து. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கேரளப் பக்கம், தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. சுற்றிலும் தோப்புதான், பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. அதுவரை எல்லை என்பது லாரிக்காரர்களின் கவலையாக மட்டுமே இருந்தது. நாங்கள் ரேஷன் வாங்க இந்தப் பக்கமும் துணி எடுக்க அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் ஜேசிபி வந்தது. தோப்புகளுக்கு நடுவே தமிழ்நாட்டுக்குள் போகும் மண்பாதைகளில் ஆள் உயரத்துக்கு மண்ணைக் குவித்துவிட்டுப் போனது. அந்தப் பக்கத்துத் தேங்காய்நார் மில்லில் வேலை பார்த்த அப்பா அங்கேயே தங்கிவிட்டார். வந்தால் திரும்பிப் போக முடியாது, வேலையும் இருக்காது. தினமும் சாயங்காலம் போனில் பேசினார். எல்லாரும் நன்றாக இருக்கிறோமா என்று கேட்டார். நன்றாக இருக்கிறோம் என்று சொன்னோம்.

வீட்டில் அம்மா, அக்கா, நான், நான்கு கறவை மாடுகள், ஒரு கன்றுக்குட்டி. அம்மாவின் நாள் மாடுகளோடு தொடங்கி மாடுகளோடு முடிந்தது. விடியும் முன்னே பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவார், வந்ததும் சாணம், பிறகு புல் அறுப்பு, மறுபடியும் கறவை. மாட்டுக்குக் கொரோனா தெரியாது என்று அடிக்கடி சொல்வார்.

அக்கா அதற்கு முன்பு எப்படி இருந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவள் வீட்டில் நிற்காத ஆள். பள்ளிக்கூடத்துக் கோ-கோ குழுவில் ஓடுவாள். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து அவள் சிரிக்கும் சத்தம் எங்கள் நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே எனக்குக் கேட்கும். லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கௌசல்யா வீட்டுக்குப் போய்விடுவாள். கௌசல்யா அவள் வகுப்புத் தோழி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி வீடு. அங்கிருந்துதான் தினமும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கு வந்து படித்தாள். "பொட்டப்புள்ளைக்கு ஊட்ல காலு தங்க மாட்டீங்குது" என்று அத்தை வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

ஊரடங்கின் முதல் சில வாரங்கள் திருவிழா மாதிரி இருந்தன. பரீட்சை நின்றுபோனது. நாங்கள் இருவரும் பலாக்கொட்டை சுட்டுத் தின்றோம், தாயம் ஆடினோம், கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்துச் சண்டை போட்டோம். அக்கா நார்க்கயிற்றைக் கட்டி இரண்டு தென்னைகளுக்கு நடுவே கோ-கோ ஓடிப் பழகினாள். நானும் ஓடினேன். ஆனால் கோ-கோவுக்கு இரண்டு பேர் போதாது.

எப்போது மாறினாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பின்னாளில் பலரும் இதைக் கேட்டார்கள். காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் அக்கா மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அம்மா மாட்டைத் திட்டிய வார்த்தைகள் முழுவதும் கணக்கு வகுப்பில் கேட்டன. எல்லாரும் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நான் ரொம்ப நாள் அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று அவளே பிறகு சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை என்றாள். ஒன்றுமே நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தின் கடைசியில், காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், அக்கா படுக்கையிலிருந்தபடியே போனை என்னிடம் நீட்டினாள்.

"தலை நோவுது. இன்னிக்கு ஒரு நாளைக்கு நீ ஹாஜர் சொல்லீடு."

"கண்டுபிடிச்சுட்டா?"

"உன்ற குரலும் என்ற குரலும் ஒண்ணுதான். அப்பனுக்கே தெரியறதில்ல."

அது உண்மை. அப்பா போன் செய்தால் என்னை அவள் என்றும் அவளை நான் என்றும் நினைத்துப் பேசுவார். எங்கள் தோப்புக்குள் சிக்னல் கிடைத்தது தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும்தான். அங்கே ஏறி உட்கார்ந்து, டீச்சர் அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் "ஹாஜர் டீச்சர்" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கணத்தில் நான் அடைந்த பெருமையை அதன்பின் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் தரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் தன் தட்டிலிருந்த முட்டையை அக்கா என் தட்டில் வைத்தாள். கூலி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஒரு வாரமானது. பிறகு அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. காலை ஒன்பதரைக்கு நான் போனை எடுத்துக்கொண்டு தொட்டிமேல் ஏறினேன். எனக்கென்று இருந்த ஏழாம் வகுப்புப் பாடங்கள் டிவியில் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றை யாரும் பார்க்கவில்லை. நான் அக்காவின் நோட்டில் அக்காவின் கையெழுத்தைப் பார்த்து எழுதினேன். அமிலம், காரம், பிரெஞ்சுப் புரட்சி என்று புரியாத வார்த்தைகளை எல்லாம் அழகாக அடிக்கோடு போட்டு வைத்தேன். படம் பிடித்து அனுப்பினேன். நோட்டு சுத்தமாக இருக்கிறது, முன்பைவிட முன்னேற்றம் என்று டீச்சர் வகுப்பில் வாசித்தார். இறங்கி ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "ம்" என்றாள்.

வகுப்போடு சேர்ந்து வாட்ஸ்அப்பும் என் பொறுப்பானது. அக்காவின் தோழிகள் குழுவில் நாள் முழுக்கப் பேசுவார்கள். நான் பதில் போட ஆரம்பித்தேன். என்னிடம் ஒரு பூனை ஸ்டிக்கர் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தலையாட்டும். பதில் தெரியாத இடத்திலெல்லாம் அதை அனுப்பினேன். அவர்களும் பதிலுக்கு ஏதாவது அனுப்பினார்கள். கௌசல்யா மட்டும் தனியாக எழுதுவாள். "என்னடீ பண்றே", "போன் பண்ணுனா எடுக்க மாட்டீங்கறே", "கோவமா". அவளுக்கும் பூனையை அனுப்பினேன்.

வீட்டில் என்ன நடந்தது என்றால், அக்காவுக்கு நல்ல பெயர் கிடைத்தது. அத்தை ஒரு நாள் முகக்கவசத்தோடு வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். அக்கா எங்கே என்று கேட்டார். உள்ளே இருக்கிறாள் என்று அம்மா சொன்னார். "பாத்தியா, எல்லாம் ஒரு வயசு வந்தா அடங்கீருவாளுக" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். அம்மாவும் மறுக்கவில்லை. வெளியே போகிறேன் என்று அடம்பிடிக்காத, எதிர்த்துப் பேசாத பெண் இருக்கிறாளே என்று அவருக்கு ஒரு நிம்மதி. படிக்கிறாளா என்று கேட்டால் நான் முந்திக்கொண்டு, டீச்சர் பாராட்டியதைச் சொல்வேன்.

நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பார்த்தேன். அக்கா தலை சீவுவதை நிறுத்தியிருந்தாள். ஜடையை எப்போதோ போட்டது அப்படியே சிக்கு விழுந்து கிடந்தது. அம்மா கொட்டகைக்குப் போனதும் தன் தட்டில் பாதியை என் தட்டில் தள்ளுவாள், முட்டை மட்டுமல்ல, சோறு, பொரியல், எது இருந்தாலும். பகலெல்லாம் படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் கண் திறந்திருந்தது. கோ-கோவுக்குக் கட்டிய நார்க்கயிற்றை அம்மா அவிழ்த்து மாட்டுக்குக் கட்டிக்கொண்டார், அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் இதையெல்லாம் பார்த்து, எனக்கு எவ்வளவு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். கன்னம் உப்பியது. எனக்கு லாக்டவுன் ஒத்துக்கொண்டது என்று சொசைட்டியில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள், வகுப்பு முடிந்து நான் தொட்டிமேலேயே உட்கார்ந்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கவுன்சிலிங் டீச்சர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரிடமும் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள் என்று முந்தின நாள்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அக்காவின் பெயரைச் சொல்லி, "மோளல்லே?", அந்தப் பிள்ளைதானே, என்று கேட்டார். ஆமாம் என்றேன். மலையாளக்காரர்; எனக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"மோளே, நல்லா சாப்பிடுதல்லோ?"

நான் பொய் சொல்லவில்லை. நேற்று இரண்டு முட்டை சாப்பிட்டேன் என்றேன்.

தூக்கம் வருகிறதா என்றார். படுத்தால் உடனே வந்துவிடும் என்றேன். வீட்டில் யாரோடு பேசுவாய் என்றார். அம்மாவோடு, கன்றுக்குட்டியோடு என்றேன். அவர் சிரித்தார். சிநேகிதிகளைப் பார்க்க முடியவில்லையே, கஷ்டமாக இல்லையா என்றார். போனில் தினமும் பேசுகிறோம் என்றேன். அழுகை வருமா, எதுவும் பிடிக்காமல் போகுமா, யாரிடமாவது மனதுவிட்டுப் பேச வேண்டும் என்று தோன்றுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "இல்லீங் டீச்சர்" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். "மிடுக்கி" என்றார். கெட்டிக்காரி என்று அர்த்தம். காலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகளிடம் பேசிவிட்டாராம், என்னிடம் பேசியதில்தான் மனதுக்கு ஒரு சந்தோஷமாம்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"சாப்படறயா, தூங்கறயான்னு."

"அப்பறம்?"

"சங்கடமா இருக்குதான்னு."

"நீ என்ன சொன்னே?"

"இல்லேன்னுட்டேன்."

அவள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். நன்றாகத்தானே சொன்னேன், ஒரு வார்த்தை பாராட்டக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று அவள் தள்ளிய சோற்றை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அதை நாய்க்குப் போட்டாள்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போனது கௌசல்யாவால். அவள் ஒரு நாள் எனக்கு, அதாவது அக்காவுக்கு, இப்படி எழுதினாள்: "நேத்து போன்ல நீ அழுதுட்டே சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல." நேற்று அக்கா யாருக்கும் போன் செய்யவில்லை. போன் என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் கேள்வி கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று, "தேங்க்ஸ்டீ" என்று எழுதிப் பூனையை அனுப்பினேன். அவள் பதில் எழுதவில்லை. சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, அம்மா சொசைட்டியிலிருந்து திரும்பிக் கேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, படலுக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. கௌசல்யா நின்றிருந்தாள். முழங்கால்வரை செம்மண், சுடிதாரின் ஒரு கை கிழிந்திருந்தது. துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். மண்மேட்டின் மேல் சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் இவளும் ஏறி வந்திருக்கிறாள்.

அம்மா பதறிப்போய் எழுந்தார். "அங்கயே நில்லு சாமி! அக்கட்டயிருந்தா வர்றே? எப்படி உட்டாங்க?"

"யாரும் உடலீங்ம்மா. நானாத்தான் வந்தேன். அவ எங்கீங்?"

"உள்ள படுத்திருக்கறா. போன்லதான் தினமும் பேசிக்கறீங்களே, அப்பறம் எதுக்கு இந்த நேரத்துல இப்பிடி வாரே?"

கௌசல்யா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "போன்ல பேசறது அவ இல்லீங்ம்மா. நடக்காத ஒண்ணை எழுதிப் பாத்தேன், அதுக்கும் தேங்க்ஸ்னு வருது."

அம்மா என்னைப் பார்த்தார். நான் கன்றுக்குட்டியைப் பார்த்தேன். இல்லை, நான் இல்லை, அக்காதான் பேசுகிறாள் என்று யாரும் கேட்காமலே சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அம்மா அந்த அறைக்குள் அதற்கு முன்பு போகாமல் இல்லை. தினமும் பெருக்குவதற்குப் போனார், துணி எடுக்கப் போனார். ஆனால் அன்று போனவர் போர்வையை விலக்கிவிட்டு அப்படியே நின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். அக்காவின் மணிக்கட்டைத் தன் விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார், வளையல் அளவு பார்ப்பதுபோல. ஜடையைத் தொட்டார்.

"எந்திரி கண்ணு" என்றார்.

"முடியலீங்ம்மா" என்றாள் அக்கா. அவள் அழவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. "எந்திரிக்கோணும்னுதான் தினமும் நெனைக்கறேன். முடிய மாட்டீங்குது."

அதற்குள் கௌசல்யா வீட்டைச் சுற்றி வந்து அக்காவின் அறை ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டாள். கவிழ்த்து வைத்திருந்த தீவன வாளிமேல் உட்கார்ந்தாள். அவள் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மண்மேட்டில் சறுக்கி விழுந்ததைச் சொன்னாள், அவர்கள் வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள், அவள் அண்ணன் முகக்கவசத்தோடு சாம்பாரைக் குடிக்கப் பார்த்ததைச் சொன்னாள். உள்ளேயிருந்து பதில் இல்லை. அவள் நிறுத்தவும் இல்லை. நான் எட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு உளறலுக்காகவா எல்லை தாண்டி வந்தாள் என்று தோன்றியது.

மத்தியானத்துக்குள் விஷயம் ஆஷா சேச்சிக்குப் போய்விட்டது. எங்கள் பகுதி வீடுகளின் காய்ச்சல், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் பொறுப்பான சுகாதார ஊழியர் அவர். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் பொதுவாக ஒரு திட்டுத் திட்டினார். பாஸ் இல்லாமல் எல்லை தாண்டியது எவ்வளவு பெரிய குற்றம் என்று கௌசல்யாவுக்கு விளக்கினார். அம்மா கையைப் பிசைந்துகொண்டு, இப்போதே திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்றார்.

"திருப்பி அனுப்பறதா? அது இனி பற்றில்ல, முடியாது" என்றார் சேச்சி. "வந்தாச்சல்லோ. பதினாலு நாள் இந்தக் குட்டி இங்கதான். நீங்களும் வெளிய போகக் கூடாது."

எங்கள் படலில் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டினார்கள். சட்டம் அவளை உள்ளே விடாமல் இருக்கத்தான் அந்த மண்ணைக் குவித்தது. அதே சட்டம் இப்போது அவளை வெளியே விடாமல் பிடித்து வைத்தது. கௌசல்யாவின் அப்பா போனில் கத்திய கத்தல் தொட்டிக்குக் கீழே வரை கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு "சரீங்ப்பா, சரீங்ப்பா" என்றாள். முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

அவளுக்குத் தீவன அறையை ஒழித்துக் கொடுத்தோம். அதன் கதவு திறந்தால் அக்காவின் ஜன்னல். பதினான்கு நாளும் சொசைட்டியில் எங்கள் பாலை எடுக்கவில்லை. அம்மா தயிர் உறையூற்றினார், வெண்ணெய் எடுத்தார், மிச்சத்தைக் கன்றுக்கே விட்டார். அப்படியும் மிஞ்சியதை வாழைக்குழியில் ஊற்றும்போது அவர் முகம் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் கௌசல்யாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. கவுன்சிலிங் டீச்சரிடம் பேசியதை மட்டும் ஒரு நாள் கேட்டார். கேள்வி என்ன, நான் சொன்னது என்ன என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். நான் ஒன்றும் விடாமல் ஒப்பித்தேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அந்த டீச்சருக்கு அவரே போன் செய்து, தொட்டிமேல் ஏறி நின்று வெகுநேரம் பேசினார். என் காதுக்கு எட்டியது "எனக்குத் தெரியாமப் போச்சுங்க" என்ற ஒன்றுதான். அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்றாம் நாள் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கௌசல்யா எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து "போடீ" என்று ஒரு சத்தம் வந்தது. கௌசல்யா பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துப்பட்டா நனைந்து மூக்கில் ஒட்டியது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அன்று சாயங்காலம் அம்மா தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் அக்காவின் ஜடையைப் பிரிக்க உட்கார்ந்தார். விளக்கு வைத்த பிறகும் முடியவில்லை. வெட்டிவிடலாமா என்று அக்கா கேட்டதற்கு, "எவ்வளவு நேரமானா என்ன, இருக்கறேன்" என்றார். அன்று சாயங்காலக் கறவைக்கு அவர் தாமதமாகப் போனார். மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன. அம்மா மாட்டைக் காத்திருக்க வைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கௌசல்யா வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். அப்படி ஆகவில்லை. தனிமைப்படுத்தல் முடிந்ததும் அம்மா அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். கவுன்சிலிங் டீச்சர் வாரம் ஒரு முறை பேசினார், இந்த முறை அக்காவிடமே. நல்ல நாட்களும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாட்களும் மாறி மாறி வந்தன. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது பொள்ளாச்சியில் வேலைக்குப் போகிறாள். பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருகிறாளா என்று எனக்குத் தெரியாது. நானும் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது கௌசல்யா புறப்பட்டுப் போனதற்கு அடுத்த திங்கட்கிழமை. எனக்கு அவள்மேல் கோபம் தீரவில்லை. அவள் இருந்த பதினான்கு நாளும் போன் அவர்கள் இருவரிடமே இருந்தது. என் வகுப்பு, என் தோழிகள், என் பூனை எல்லாம் போயிற்று. அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அம்மா டீச்சரிடம் லீவு சொல்லிவிட்டிருந்தார். கௌசல்யா போய்விட்டாள், இனி பழையபடி எல்லாம் என் கைக்கு வந்துவிடும் என்று நினைத்து, ஒன்பதேகாலுக்கே போனுக்குச் சார்ஜ் ஏற்றி எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனேன்.

அக்கா அங்கே நின்றிருந்தாள். குளித்திருந்தாள். கையை நீட்டினாள். நான் போனைக் கொடுத்தேன். அவள் ஏணியில் மெல்ல ஏறினாள். நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். நானும் பின்னாலேயே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா கீழே புல்லுக்கட்டோடு வந்து நின்றார்.

டீச்சர் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார். அக்காவின் பெயர் வந்தது.

"ஹாஜர் டீச்சர்" என்றாள் அக்கா. பல நாள் பேசாத தொண்டை, குரல் கரகரத்துத் தாழ்ந்து வந்தது.

அடுத்த பெயர் வரவில்லை. பிறகு டீச்சர் கேட்டார், "யாரது பேசறது? இது அவ குரல் இல்லையே. அவளுக்குப் பதிலா வேற யாரோ ஹாஜர் சொல்ற மாதிரி இருக்குது. அவகிட்ட போனைக் குடு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவு நாள் நான் சொன்னதை நம்பிய டீச்சர், அவளே சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாரே! வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். இதைவிட வேடிக்கையான ஒன்றை அந்த வருடம் முழுக்க நான் கேட்கவில்லை. அவர்களும் சிரிப்பார்கள் என்று அக்காவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன்.

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "நான்தானுங் டீச்சர்" என்றாள். கீழே அம்மா புல்லுக்கட்டை இறக்கி வைக்காமல், தலையில் வைத்தபடியே எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஏன் இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை.